ஒரு முழு டிரைவர்

அட்டைப்பெட்டி கம்பெனியை இழுத்து மூடியபோது அத்தானுக்கும் அவனுக்கும் ஒரே நாளில் வேலை போனது. லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது அத்தான்தான். "இத்தனை நாள் பெட்டி செஞ்சோம். இனிமே பெட்டிய ஏத்திக்கிட்டுப் போவோம். அவ்வளவுதான் மாப்ள வித்தியாசம்" என்றார். அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. இரண்டு பெண் குழந்தைகள். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்காவும் அத்தானும் இருந்த வீட்டின் மாடி அறையில்தான் இருந்தான்.

பயிற்சி வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வண்டியை எடுப்பதிலும் பின்னால் தள்ளி நிறுத்துவதிலும் அத்தான் கெட்டிக்காரர். ஆனால் விதிமுறை வகுப்பு வந்தால் போதும், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். "ரூல்ஸ நீ பாத்துக்க. ரோட்ட நான் பாத்துக்கறேன்." அவனோ ஒவ்வொன்றையும் எழுந்து நின்று கேட்பான். வகுப்பில் அவனுக்கு 'சட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "சட்டம் டீ குடிக்க வருதா?" என்று கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு டிரைவருக்கும் பெயரும் எண்ணும் போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் கார்டு உண்டு. வண்டியில் ஏறியதும் அதை ஸ்டியரிங்குக்கு மேலே இருக்கும் மிஷினில் செருக வேண்டும். எவ்வளவு நேரம் ஓட்டினாய், எப்போது நிறுத்தினாய் என்பதை அதுவே எழுதிக்கொள்ளும். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு. ஒன்பது மணி நேரம் ஓட்டிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், வண்டியைத் தொடக்கூடாது. வகுப்பு எடுத்த அம்மா கடைசி நாளன்று சொன்னார்: "கம்பெனி சொல்லிச்சு, மேனேஜர் சொன்னாருன்னு நீங்க கோர்ட்டுல தாராளமாச் சொல்லலாம். பொறுமையாக் கேட்டுக்குவாங்க. கேட்டுட்டு உங்களத்தான் உள்ள அனுப்புவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஒரே சரக்குக் கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம் செய்வார்கள். மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

லீவு சொல்ல பயமாக இருந்ததால் அவன் லாரிகள் நிற்கும் யார்டுக்கு வந்துவிட்டான். வண்டிச் சாவியை வாங்கும்போதே கீழே போட்டுவிட்டான். "போய்க் கொஞ்சம் படு, மத்தியானம் பாக்கலாம்" என்று மேனேஜரே அனுப்பினார். டிரைவர்கள் ஓய்வறையில் பழைய சோபாவில் மாத்திரை போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. அவன் கனவில் எல்லா லாரிகளும் அவனை நோக்கியே பின்னால் வந்துகொண்டிருந்தன.

மத்தியானம் அத்தானும் மேனேஜரும் உள்ளே வந்தார்கள். அத்தான் விடிவதற்கு முன்பே வண்டி எடுத்தவர். கிடங்கு வாசலில் வரிசையில் நகர்ந்து நகர்ந்தே பாதி நேரம் போய்விட்டது. மிஷின் அவருக்கு அன்றைய கணக்கை முடித்துவிட்டது. கண் இரண்டும் சிவந்திருந்தன. வெளியே இன்னொரு வண்டி நிறைய உறைந்த மீன் ஏற்றித் தயாராக நின்றது. அன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கத்த மாட்டார். அன்றும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"உனக்கு நேரம் இருக்கு, உடம்பு இல்ல. இவருக்கு உடம்பு இருக்கு, நேரம் இல்ல. ரெண்டயும் சேத்தா எனக்கு ஒரு முழு டிரைவர் கெடைச்சிடுவான். என்ன சொல்றே?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதும்தான் புரிந்தது.

"சார், கார்ட மாத்தக்கூடாதுன்னு..."

"தெரியும்பா. உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? தினமுமா கேக்கறேன்? இந்த வாரம்தான் உங்க ரெண்டு பேரு பேரயும் மேல அனுப்பணும். ரெண்டு பேருமே நல்லா ஒத்துழைக்கறாங்கன்னு எழுதணும்னு ஆசையா இருக்கேன்."

சொல்லிவிட்டு மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணரை மணி நேரந்தான் மாப்ள. நேரான ரோடு. எறக்கிட்டு அங்கயே படுத்துடறேன்."

"தூக்கம் வருதா அத்தான்?"

"மூஞ்சியக் கழுவினா சரியாயிடும்."

அவன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தான். பிறகு பல பேர் அவனிடம் இதைக் கேட்டார்கள். மிரட்டினார்களா, கையிலிருந்து பிடுங்கினார்களா, காய்ச்சல் மயக்கத்தில் தெரியாமல் கொடுத்தாயா என்று. எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னான். யாரும் பிடுங்கவில்லை. தெரிந்துதான் கொடுத்தான்.

*

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குத் திரும்பியபோது அத்தான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. ஒரு காலில் மட்டும் ஷூ. அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைகளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தது.

"சொல்லுங்களேன்! என்ன ஆச்சுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க!"

அத்தான் அவனைப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தார்.

"சைக்கிள்ல போயிட்டிருந்தாரு மாப்ள. தபால்காரரு. ஓரமாத்தான் போயிட்டிருந்தாரு. நான் பாக்கல. பாக்கலன்னா... கண்ண மூடினேன், அவ்வளவுதான். சத்தம் கேட்டப்பறம்தான் முழிச்சேன்."

"உயிரோட இருக்காரா?"

"கைய அசைச்சாரு. ஆளுங்க ஓடி வந்தாங்க. நான்... நான் ஓடிட்டேன் மாப்ள. எறங்கிக் கிட்டப் போகணும்னுதான் கதவத் தொறந்தேன். காலு வேற பக்கம் ஓடிப் போச்சு. வயல்ல விழுந்து எழுந்து ஓடினேன்."

"கார்டு?"

அத்தான் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கார்டு மிஷினிலேயே இருந்தது. இதற்குள் அது போலீஸ் கையில் இருக்கும். அதில் இருப்பது அவன் பெயர்.

அக்கா அவனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். கார்டு சமாச்சாரம் அவளுக்குத் தெரியாது. விளங்கச் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் போனில் கூப்பிட்டுவிட்டார். அவர் குரல் எப்போதும்போல மெதுவாகவே இருந்தது.

"பதறாதப்பா. நான் ஸ்டேஷன்ல பேசிட்டேன். புதுப் பையன், பயத்துல ஓடிட்டான், நாளன்னைக்குக் காலைல வக்கீலோட வந்துடுவான்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு நம்ம கம்பெனி வக்கீலப் போய்ப் பாரு. வேற யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம்."

"சார், ஓட்டினது நான் இல்லியே."

"மிஷின் அப்படிச் சொல்லலப்பா" என்றார் மேனேஜர்.

*

வக்கீல் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. வக்கீல் இளவயதுக்காரர், ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டு அவனுக்கு விளக்கினார்.

"ஓய்வெடுத்த டிரைவர் இடிச்சா அது விபத்து. நேரம் முடிஞ்ச டிரைவர் அடுத்தவன் கார்டப் போட்டு ஓட்டி இடிச்சா அது குற்றம். மிஷின்படி நீங்க நல்லாத் தூங்கி எந்திரிச்சு, அப்பதான் வண்டி எடுத்திருக்கீங்க. சைக்கிள்காரர் திடீர்னு குறுக்க திரும்பினாரு. நீங்க பிரேக் போட்டீங்க, நிக்கல. பயந்து ஓடினீங்க. இவ்வளவுதான். லைசென்ஸ் கொஞ்ச நாளைக்குப் போகும். உண்மையச் சொன்னீங்கன்னா உங்க அத்தான் பல வருஷம் உள்ள போவாரு. கார்டு கொடுத்ததுக்கு நீங்களும் தனியா மாட்டுவீங்க."

"அவர் திரும்பலியே சார். ஓரமாப் போனாருன்னு அத்தானே சொல்றாரு."

"உங்க அத்தான் அங்க இல்லவே இல்லன்னுதானே நாம பேசிக்கிட்டிருக்கோம்?" என்றார் வக்கீல். "நீங்க நல்லா யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கே ஞாபகம் வரும்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது எந்தப் பக்கம் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கால் போன போக்கில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு நீள பெஞ்சு. அதில் ஓர் அம்மாள் மடியில் ஒரு தோல்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தபால் பை. அதன் வார் ஒரு பக்கம் அறுந்திருந்தது. அவன் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க தம்பி. உங்களுக்கு உள்ள யாரு?"

"சொந்தக்காரர்" என்றான்.

"எனக்கு வீட்டுக்காரரு." அவர் பையைத் தடவினார். "இதக் கொண்டுபோய் ஆபீஸ்ல ஒப்படைக்கணுமாம். கடுதாசி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க. பைய யாரும் கேக்கல. எனக்கும் கீழ வைக்க மனசு வரல."

அவருக்குப் பேசுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. போலீஸ்காரர் வந்திருந்தாராம். உங்கள் வீட்டுக்காரர் குறுக்கே திரும்பியதாக லாரிக் கம்பெனி சொல்கிறது என்றாராம்.

"அந்த எடத்துல திரும்பறதுக்கு என்ன தம்பி இருக்கு? ஒரு பக்கம் வாய்க்கா. இன்னொரு பக்கம் வயலு. வீடே கெடையாது. வீடில்லாத எடத்துல தபால்காரருக்கு என்ன வேலை? நான் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். என்னப் பாத்துக் கையக் கூடக் காட்டினாரு. அந்த லாரி குடிகாரன் நடக்கற மாதிரி மெல்ல மெல்ல சாஞ்சு வந்துச்சு. ஒரு ஹாரன் கூட அடிக்கல. டிரைவரோட முதுகத்தான் பாத்தேன், வயல்ல எறங்கி ஓடினான்." அவர் குரல் உடையவில்லை, களைத்துப்போயிருந்தது. "நான் ஒண்ணே ஒண்ணுதான் அவனக் கேக்கணும். ஏன்யா ஓடினே? இன்னொரு கை இருந்திருந்தா அவரச் சீக்கிரம் தூக்கியிருக்கலாமே. நானும் ஒரு கெழவரும் மட்டும் எப்படித் தூக்குவோம்?"

அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு நர்ஸ் கதவைத் திறந்து அந்த அம்மாளைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து, "தம்பி, இதக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று பையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் திரும்பி வந்தபோது இரண்டு நர்ஸுகள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் அழவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவன் பையை எடுத்து ஒரு நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, படிகளில் கிட்டத்தட்ட விழுந்துகொண்டே இறங்கினான்.

*

அவன் வீட்டுக்கு வருவதற்குள் மேனேஜர் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார். அக்கா வாசலிலேயே நின்றாள்.

"போயிட்டாராமே."

"ஆமா."

"இப்பவும் வக்கீல் சொன்னதையே சொல்லலாமாம். கொஞ்சம் கூடுதலாத் தண்டனை வருமாம். ஆனா அவருக்கு வர்ற அளவு வராதாம்." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை பனிக்கட்டியாக இருந்தது. "நான் கேக்கக்கூடாததக் கேக்கறேன். எனக்குத் தெரியும். அம்மா போனப்பறம் உன்னத் தூக்கி வளத்தேன்னு சொல்லிக் காட்ட மாட்டேன். ஆனா இந்த ரெண்டு பொண்ணுங்களையும் வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்டா? உனக்குப் புள்ளயா குட்டியா..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, என்ன பேசறேன் நான்."

"அக்கா, தப்ப அந்தச் செத்த மனுஷன் மேல போடச் சொல்றாங்க."

"அவர்தான் போயிட்டாரேடா. இனிமே அவருக்கு என்ன?"

"அவரு பொண்டாட்டி இருக்காங்க. நேர்ல பாத்திருக்காங்க. அவங்களப் பொய்க்காரின்னு நான் சொல்லணும்."

அக்கா அவன் கையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். தலையைச் சுவரில் மெதுவாக முட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே சின்னவள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் ஓரிடத்தில் தப்பாகச் சொன்னாள். திருத்த யாரும் போகவில்லை.

காலையில் அவன் மாடியிலிருந்து இறங்கியபோது அத்தான் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பழைய ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்.

"நானே போறேன்னுதான் கெளம்பினேன் மாப்ள" என்றார். "விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன். இங்க உக்காந்தேன், எந்திரிக்க முடியல."

"வாங்க அத்தான். சேந்து போவோம். நானும் கூடத்தானே மாட்டப்போறேன்."

அத்தான் இரண்டு கைகளையும் படியில் ஊன்றினார். பாதி எழுந்தார். பிறகு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். தலையை ஆட்டினார், முடியாது என்று. அவன் அவர் தோளில் கை வைக்கப் போனான், வைக்கவில்லை. அவரைத் தாண்டிக்கொண்டு வெளியே போனான்.

ஸ்டேஷன் வாசலில் வக்கீல் கோப்போடு காத்திருந்தார். அவன் நிற்காமல் உள்ளே போய், மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம், "கார்டு என்னுது. ஓட்டினது நான் இல்ல" என்றான். வக்கீல் பின்னாலேயே வந்து, "இவருக்குக் காய்ச்சல் சார், உளறறாரு" என்றார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப யாரு ஓட்டினது?"

அத்தானின் பெயரைச் சொல்ல அவனுக்கு மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சொன்னான். பிறகு மேனேஜர் பெயரையும் சொன்னான். ஒரு முழு டிரைவர் என்ற பேச்சையும் சொன்னான். அதிகாரி அதை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அத்தானை அழைத்து வரப் போனபோதும் அவர் அந்தப் படியிலேயேதான் இருந்தாராம். போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு கை கொடுத்ததும் எழுந்து ஜீப்பில் ஏறினாராம். பெரியவள் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

*

வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. அத்தான் எதையும் மறுக்கவில்லை. அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவன் லைசென்ஸ் ரத்தானது. இனி வாங்கவே முடியாது. கொஞ்ச நாள் அவனும் உள்ளே இருந்துவிட்டு வந்தான். விசாரணையில் அந்த யார்டில் வேறு ஆட்களின் கார்டுகளும் இப்படிக் கைமாறியது தெரியவந்தது. மேனேஜர் மீதும் வழக்குப் போட்டார்கள். "நான் ஜோக்குக்குச் சொன்னேன்" என்பதுதான் அவர் வாக்குமூலம். அவர் ஜாமீனில் வெளியே இருந்தார். இன்னொரு யார்டில் வேலையும் பார்த்தார்.

தபால்காரர் மேல் தப்பில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். அன்று கோர்ட்டுத் தாழ்வாரத்தில் அந்த அம்மாள் அவனை அடையாளம் கண்டுகொண்டு நேரே வந்தார்.

"நீங்க அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சுதான் என் பக்கத்துல உக்காந்திருந்தீங்களா?"

"ஆமாம்மா."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. "பைய உங்ககிட்ட நம்பிக் கொடுத்துட்டுப் போனேனே" என்றார். அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார்.

அவன் அக்கா வீட்டை விட்டுப் போய், ஒரு கிடங்கில் மூட்டை இறக்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கினான். சிறையில் பார்க்கும் நாளன்று ஊர் ஓரத்திலிருந்து ஒரே ஒரு பஸ்தான் உண்டு. அதில் அக்கா முன்பக்கம் குழந்தைகளோடு உட்காருவாள். அவன் பின்பக்கம். அவள் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்துவிட்டு வந்த பிறகு, மிச்சமிருக்கும் நேரத்தில் அவன் உள்ளே போவான்.

ஆரம்பத்தில் அத்தான் அவனைப் பார்க்க மறுத்தார். பிறகு ஒரு நாள் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, வெகுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார்.

"அன்னிக்கு நீ சேந்து போவோம்னு கூப்டப்ப நான் வந்திருக்கணும் மாப்ள" என்றார். "புள்ளைங்க முன்னாடி தூக்கிக்கிட்டுப் போற மாதிரி வச்சுக்கிட்டேன்."

"விடுங்க அத்தான்."

"உங்க அக்கா உன்கிட்டப் பேசறாளா?"

"இல்ல."

"நான் சொன்னேன். கேக்க மாட்டேங்கறா. உம்மேல இருக்கற கோவத்த விட்டுட்டா அப்பறம் எம்மேல கோவப்படணும். அதுக்கு அவளால முடியல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காவலர் நேரம் முடிந்தது என்று கம்பியைத் தட்டினார். அத்தான் எழுந்தார்.

"இங்க சீக்கிரமே வெளக்க அணைச்சிடறாங்க மாப்ள" என்றார். "தூக்கம்தான் வரமாட்டேங்குது."

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. அக்கா இறங்கும் இடம் வந்தது. பெரியவள் முன்னால் இறங்கிப் போனாள். சின்னவள் படியில் நின்று, கூட்டத்துக்கு நடுவே அவனைத் தேடிக் கண்டுபிடித்து, கையை அரைகுறையாகத் தூக்கினாள். அக்கா அவள் தோளைப் பிடித்து இறக்கிவிட்டாள். பஸ் நகர்ந்தது. அவன் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தும், எழுந்து மணியை அடிக்க அவனுக்குத் தோன்றவில்லை.